தலைப்பாகைக்கு மேல் இன்னொரு தலை: திபெத்துக்கு புத்தர் எப்போது வந்தார்?

நீலமலை (ஞாயிறு, இரவு 9.10)

போன மாதம் குடும்பத்தோடு பைலகுப்பே (கர்நாடகத்தில் உள்ள திபெத்தியர் குடியிருப்பு) போயிருந்தோம். பொற்கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கடைவரிசையில் துணியில் வரைந்த ஒரு தங்கா ஓவியம் என்னை நிறுத்திவிட்டது. ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார், இருபக்கமும் இரண்டு ராணிகள். ராஜாவின் தலைப்பாகை உச்சியிலிருந்து சின்னதாக ஒரு சிவப்புத் தலை எட்டிப் பார்க்கிறது. கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "சோங்சென் கம்போ. எங்க முதல் தர்மராஜா" என்றார். அதற்குள் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து மனம் அங்கேயேதான் நிற்கிறது. கல்லூரியில் படித்தபோது 7-ஆம் நூற்றாண்டில் இந்த ராஜாவின் சீன ராணியும் நேபாள ராணியும் பௌத்தத்தைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் பொற்கோயிலில் புத்தருக்குப் பக்கத்திலேயே பிரம்மாண்டமாக உட்கார்ந்திருப்பவர் இந்திய குரு பத்மசம்பவர். அவர்தான் கொண்டுவந்தார் என்று அங்கிருந்த ஓர் இளம் துறவி சொன்னார். அவர் காலம் 8-ஆம் நூற்றாண்டு. எது சரி? அந்தச் சின்னத் தலை யாருடையது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள், நான் பொறுமையாகப் படிக்கிறேன்.

ஏடுபிரிப்பவள் (ஞாயிறு, இரவு 10.35)

தலை கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது அமிதாப புத்தரின் தலை. கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரரின் பதினோரு முகச் சிலைகளிலும் உச்சியில் அவர் முகம்தான் இருக்கும். ராஜாவின் தலைப்பாகையில் அதை வரைந்தால், "இவர் மனிதர் மட்டுமல்ல, அவலோகிதேஸ்வரரே ராஜாவாக இறங்கி வந்தார்" என்று அர்த்தம். உங்கள் கடைக்கார அம்மா சொன்ன "தர்மராஜா" அதே நம்பிக்கையின் சுருக்கம்.

ஆனால் அந்த நம்பிக்கைக்கும் அந்த ராஜாவுக்கும் நடுவே சில நூறு ஆண்டுகள் இருக்கின்றன. அவலோகிதேஸ்வரராக அவரை விரிவாகப் பாடும் நூல்கள் 11-ஆம் நூற்றாண்டிலிருந்து வருபவை. அவற்றில் ஒன்று ராஜாவே எழுதி லாசா கோயில் தூணுக்குள் ஒளித்துவைத்தது, அதை 11-ஆம் நூற்றாண்டில் இந்தியத் துறவி அதீசர் கண்டெடுத்தார் என்பது மரபு. ராஜா இறந்ததோ 649-இல்.

அவர் காலத்துக்கு நெருங்கிய சாட்சி வேறு இடத்தில் கிடைத்தது. சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் ஒன்று 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் சுவர் வைத்து மூடப்பட்டது. 1900-இல் தற்செயலாகத் திறந்தது. 1907-இல் ஸ்டைன், 1908-இல் பெல்லியோ என்ற ஐரோப்பிய ஆய்வாளர்கள் அங்கிருந்து கட்டுக்கட்டாகச் சுவடிகளை எடுத்துப் போனார்கள். அவற்றில் பழைய திபெத்திய ஆண்டுக்குறிப்பு ஒன்றும், அரசர் வரலாறு ஒன்றும் இருந்தன. இரண்டிலும் இவர் பெயர் திரி சோங்சென். "கம்போ" இல்லை. இவரைப் பற்றிய இடங்களில் புத்தரும் இல்லை.

அந்த வரலாற்றுச் சுவடி இவரைப் புகழ்கிற இடத்தைச் சுருக்கித் தருகிறேன்: முன்பு திபெத்தில் எழுத்து இல்லை, இந்த அரசர் காலத்தில் வந்தது. சட்டம், அமைச்சர் வரிசை, நல்லதுக்குப் பரிசு, கெட்டதுக்குத் தண்டனை, நில அளவு, தானிய அளவு, எடை எல்லாம் இவர் காலத்தில் வந்தன. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு நாடு தன்னைக் கட்டியவரை எப்படி நினைவு வைத்திருக்கிறது பாருங்கள், படியும் எடைக்கல்லுமாக.

தறிமேடு (திங்கள், காலை 6.50)

ஏடுபிரிப்பவள் அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுவடியில் இல்லை என்றால் நடக்கவே இல்லையா? லாசாவில் ஜோகாங் கோயில் நிற்கிறதே! ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் மாசக்கணக்கில் விழுந்து விழுந்து கும்பிட்டு நடந்து வருகிறார்களே, அது அந்த ராஜா கட்டியது என்றுதானே? அரசாங்கக் குறிப்பில் வரி வசூலும் வேட்டையும் படையும் இருக்கும். ராஜா மனசுக்குள் யாரைக் கும்பிட்டார் என்று எந்தக் கணக்குப்பிள்ளை எழுதுவான்?

எனக்கு அந்தக் கோயில் கதை ரொம்பப் பிடிக்கும். திபெத் பூமியே மல்லாந்து கிடக்கும் ஓர் அரக்கி. கோயில் கட்டக் கட்ட அவள் புரண்டு புரண்டு இடித்துவிடுகிறாள். சீன இளவரசி வென்செங் நிலத்தைக் கணித்துச் சொல்ல, அரக்கியின் தோள், இடுப்பு, முழங்கை, முழங்கால், கை, கால் என்று பன்னிரண்டு இடங்களில் கோயில் எழுப்பி ஆணி அடித்ததுபோல் அவளை நிறுத்தினார்கள். நெஞ்சுக்கு நேரே ஒரு ஏரி. வெள்ளாடுகள் மண் சுமந்து அந்த ஏரியைத் தூர்த்தன. அதன்மேல்தான் ஜோகாங். "ரா" என்றால் ஆடு, "சா" என்றால் மண். லாசாவின் பழைய பெயர் ராசா. பூட்டானில் பாரோவிலுள்ள கிச்சு கோயிலும், பும்தாங்கிலுள்ள ஜம்பே கோயிலும் இந்தக் கணக்கில் வருபவைதாம். இத்தனை ஊர் ஜனங்கள் சேர்ந்து ஒரு பொய்யையா சுமக்கிறார்கள்?

கல்வெட்டுக்காரன் (திங்கள், மதியம் 1.20)

தறிமேடு தம்பி, உங்கள் பக்கம் ஒரு கல் பேசுகிறது. லாசாவுக்குப் பக்கத்தில் கார்சுங் என்ற இடத்தில் ஒரு கல்தூண். 9-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், செனலெக் என்று அழைக்கப்படும் அரசர் வைத்தது. தன் முன்னோர் ஒவ்வொருவரும் எந்தெந்தக் கோயில் எழுப்பினார்கள் என்று வரிசையாகச் சொல்லி, இனி வரும் அரசர்களும் மும்மணியை (புத்தர், தர்மம், சங்கம்) கைவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கும் கல்வெட்டு அது. அந்த வரிசையில் முதல் பெயர் திரி சோங்சென். அவர் காலத்தில் ராசாவில் கோயில் எழுந்தது என்று தெளிவாக இருக்கிறது. அவர் மறைந்து சுமார் 160 ஆண்டுகள் கழித்து, அவர் வம்சமே வெட்டிவைத்த எழுத்து. இதை 11-ஆம் நூற்றாண்டுக் கதை என்று தள்ள முடியாது.

மரமும் சாட்சி சொல்கிறது. ஜோகாங்கின் உட்பகுதியில் உள்ள பழைய கதவு நிலைகளும் தூண்களும் நேபாளத்து நேவார் தச்சர்களின் கைவேலை. 7, 8-ஆம் நூற்றாண்டில் நேபாளத்தை ஆண்ட லிச்சவி அரசர் காலத்துப் பாணி. கோயில் வாசலும் மேற்கே, நேபாளம் இருக்கும் திசையைப் பார்த்துத்தான் இருக்கிறது.

ஆகவே கோயில் கட்டினார் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் கோயில் கட்டியதும், அந்த மதத்தைத் தன் நாட்டு மதமாக்கியதும் ஒன்றல்ல. அவர் உடலுக்குச் செய்த கடைசிக் காரியத்தைப் பாருங்கள். யார்லுங் பக்கம் சோங்யே பள்ளத்தாக்கில் மண்மேடு எழுப்பி, பழைய அரச வழக்கப்படி அடக்கம். அவருக்குப் பின் வந்தவர்களும் அதே பள்ளத்தாக்கில்தான் கிடக்கிறார்கள், மலைமலையாக மண்மேடுகள். அவ்வளவு ஏன், 822-இல் சீனத்தோடு லாசாவில் உடன்படிக்கை செய்தபோது திபெத் முழுக்க பௌத்த அரசு, முன்னே நின்றவரே ஒரு பெரிய துறவி. அப்போதும் விலங்கு பலியிட்டு, ரத்தத்தை உதட்டில் தடவித்தான் சத்தியம் செய்தார்கள். துறவி மட்டும் தடவிக்கொள்ளவில்லை என்று சீனக் குறிப்பு சொல்கிறது. பழையதும் புதியதும் ஒரே மேடையில் நின்ற நாடு அது.

நீலமலை (திங்கள், மதியம் 2.05)

துறவி மட்டும் ரத்தம் தடவிக்கொள்ளவில்லை என்ற வரி என்னை விடமாட்டேன் என்கிறது. நன்றி ஐயா.

எழுத்து வந்தது என்று அக்கா சொன்னாரே, அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். கடை போர்டில் பார்த்தபோது நம்ம கிரந்தத்தின் உறவுபோலவே தெரிந்தது.

பழைய வாத்தியார் (திங்கள், மாலை 5.45)

உறவுதான் நீலமலை. பிராமியிலிருந்து வடக்கே குப்தர் எழுத்து வளர்ந்தது, அந்தக் கிளையில் பிறந்தது திபெத்திய எழுத்து. நம் எழுத்து தெற்கே பிரிந்த கிளை.

மரபுக் கதை இது: ராஜா பதினாறு இளைஞர்களை இந்தியாவுக்குப் படிக்க அனுப்பினார், அவர்களில் தோன்மி சம்போட்டா எழுத்தும் இலக்கணமும் கற்றுத் திரும்பி 30 மெய்யெழுத்தும் 4 உயிர்க்குறியும் கொண்ட நெடுங்கணக்கை அமைத்தார்.

முப்பது என்ற எண்ணைக் கவனியுங்கள். வடமொழியில் உள்ள "க, ச, ட, த, ப" வரிசைகளை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. நாவளைத்துச் சொல்லும் ட வரிசை தேவையில்லை என்று விட்டார்கள். மூச்சோடு அதிரும் "க்ஹ, ப்ஹ" போன்றவற்றையும் விட்டார்கள். தங்கள் வாயில் இருந்து வடமொழியில் இல்லாத "ட்ச, ட்ஸ, ஃஸ" மாதிரியான ஒலிகளுக்குப் புதிய எழுத்து செய்தார்கள். பிராமியைத் தமிழுக்கு எடுத்தபோது நம்மவர்கள் ழ, ள, ற, ன என்று தேவைப்பட்டதைச் சேர்த்து, வேண்டாததை விட்டார்களே, அதே வேலை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தன் மொழியின் ஒலியைக் காதால் அளந்து பார்த்த ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை இது. அவர் பெயர் எதுவானாலும் நான் கும்பிடுவேன்.

இன்னொன்று. அந்த ராஜாவின் பெயரை அவர்கள் எழுத்தில் உள்ளபடி ஒவ்வொன்றாக வாசித்தால் "ஸ்ரோங் ப்ட்சன் ஸ்கம் போ". இன்று லாசாவில் "சோங்சென் கம்போ". எழுத்து வகுத்த நாளில் அந்த மெய்கள் எல்லாம் வாயில் இருந்தன. வாய் மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் குரல் அந்த எழுத்துக்கூட்டலுக்குள் இருக்கிறது.

ஏடுபிரிப்பவள் (திங்கள், இரவு 8.30)

வாத்தியார் ஐயா, "அவர் பெயர் எதுவானாலும்" என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. துன்ஹுவாங் சுவடிகளில் தோன்மியின் பெயர் இல்லை. அவர் எழுதியதாகச் சொல்லும் இரண்டு இலக்கண நூல்களும் காலத்தால் பிந்தியவை என்பதுதான் பல ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் எழுத்து வந்த காலம் உறுதி. ஆண்டுக்குறிப்பு 650 முதல் வருஷவாரியாக ஓடுகிறது. 655-க்கான பதிவில் பெரிய அமைச்சர் கார் தோங்சென் சட்டத்தை எழுத்தில் வடித்தார் என்று இருக்கிறது. ராஜா இறந்து ஆறே ஆண்டில் ஒரு பேரரசின் சட்டம் எழுத்தில்.

இங்கேதான் என் எண்ணம். புத்தரின் நூல்களை மொழிபெயர்க்கவே எழுத்து உருவானது என்று மரபு சொல்கிறது. கிடைக்கும் சுவடிகளைப் பார்த்தால் எழுத்து முதலில் உழைத்தது சட்டத்துக்கும் கணக்கெடுப்புக்கும் படைக்கும். பாத்திரம் முதலில் வந்தது, பால் பிறகு வந்தது. ஆனால் அந்தப் பாத்திரம் இல்லாமல் பின்னால் ஆயிரக்கணக்கான நூல்கள் திபெத்திய மொழிக்குள் வந்திருக்காது. அந்த வகையில் சோங்சென் கம்போவை தர்மராஜா என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை. அவர் நினைத்துச் செய்தாரா என்பதில்தான் தறிமேடு தம்பியோடு வேறுபடுகிறேன்.

அவர் காலத்து அரசவை எதைப் பாடியது என்றும் சொல்லியாக வேண்டும். மேற்கே ஷாங்ஷுங் நாட்டு அரசனுக்குத் தன் தங்கை செமர்காரைக் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் அங்கே வாழாவெட்டியாகக் கிடந்து பாட்டிலேயே வேதனையைச் சொல்லுகிறாள். அண்ணனுக்கு அவள் அனுப்பிய முத்திரையிட்ட பொதியில் கடிதம் இல்லை, முப்பது பழைய டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கற்கள். படையெடுக்கத் துணிவு இருந்தால் ஆணாக இதை அணிந்துகொள், இல்லையென்றால் நீ பெண்ணுக்குச் சமம் என்பது சேதி. அண்ணன் படையெடுத்தார், ஷாங்ஷுங் விழுந்தது. வரலாற்றுச் சுவடியில் பக்கம் பக்கமாக இதுதான்.

தறிமேடு (திங்கள், இரவு 9.15)

அக்கா, ராணிகளையும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

ஏடுபிரிப்பவள் (திங்கள், இரவு 10.50)

வென்செங் இருந்தார் தம்பி, சந்தேகமே இல்லை. ராஜா பெண் கேட்டு, சீனாவின் டாங் வம்ச அரசவை மறுத்து, 638-இல் சோங்ஜோ எல்லையில் போரே நடந்தது. பிறகு கார் தோங்சென் 5000 லியாங் (சீன எடை அளவு) பொன்னோடு போய்ப் பேசி முடித்தார். 641-இல் வென்செங் திபெத் வந்தார். ஆண்டுக்குறிப்பில் "முன்சாங் கோங்சோ" என்று அவர் பெயர் இருக்கிறது. ராஜாவோடு மூன்று ஆண்டுகள்தான் வாழ்ந்தார் என்றும் இருக்கிறது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த உயரத்தில், அந்தக் குளிரில் விதவையாக. 680-இல் மறைந்தார்.

நேபாள ராணி பிருகுடியின் பெயர் அந்தக் காலத்துக் குறிப்பு எதிலும் இல்லை. ஆனால் நேபாள உறவு உண்மை. அரியணை இழந்த நேபாள அரசர் நரேந்திரதேவர் திபெத்தில் அடைக்கலம் இருந்து, திபெத்தின் துணையால்தான் காத்மாண்டு திரும்பினார். அப்படிப்பட்ட உறவில் ஒரு பெண் வந்திருப்பது இயல்பே. தச்சர்கள் வந்தது கதவு நிலையிலேயே தெரிகிறது.

இனி உங்களுக்கு ஒரு பரிசு. டாங் காலத்துத் துறவி யிஜிங், இந்தியாவுக்கு வந்த சீனத் துறவிகளைப் பற்றி 7-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு நூல் எழுதினார். அதில் ஷுவான்ஜாவ் என்ற துறவி திபெத் வழியாக வருகிறார். அவரை வழித்துணை கொடுத்து வட இந்தியாவுக்கு, ஜலந்தர் பக்கம் அனுப்பிவைத்தது யார் தெரியுமா? இளவரசி வென்செங். இது பின்னால் கட்டிய கதை அல்ல. அவர் இறந்து பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் எழுதியது. அந்தப் பீடபூமியில் நம் கண்ணுக்குத் தெரியும் முதல் பௌத்தக் கை அவருடையது என்பேன்.

தறிமேடு (திங்கள், இரவு 11.02)

இது போதும் அக்கா. இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

பொதிகைச்சாரல் (செவ்வாய், காலை 8.15)

அம்பாசமுத்திரத்துக்காரன் என்பதால் உள்ளே வருகிறேன். சோங்சென் கம்போ கட்டிய போத்தாலா அரண்மனைக்கு நம் பொதிகை மலையின் பெயர்தான் என்று படித்தேன். உண்மையா?

கல்வெட்டுக்காரன் (செவ்வாய், காலை 10.40)

பாதியைத் திருத்தி, பாதியை உங்களுக்கே தருகிறேன் அண்ணாச்சி.

இன்று நாம் படத்தில் பார்க்கும் போத்தாலா 1645-இல் ஐந்தாம் தலாய் லாமா கட்டத் தொடங்கியது. சோங்சென் கம்போவின் கோட்டை அதே மார்போரி குன்றின்மேல் இருந்தது என்பது மரபு. அவர் தியானம் செய்ததாகச் சொல்லும் குகையறை அரண்மனைக்குள் இருக்கிறது.

பெயர் அவலோகிதேஸ்வரரின் இருப்பிடமான போதலக மலையிலிருந்து வந்தது. அந்த மலை தென்னாட்டில், மலயத் தொடருக்குக் கிழக்கே கடலோரம் இருப்பதாகச் சீன யாத்திரிகர் ஷுவான்சாங் (யுவான் சுவாங்) எழுதியிருக்கிறார். அவர் காஞ்சிக்கு வந்தது 640 வாக்கில், சோங்சென் கம்போ உயிரோடு இருந்த நாளில். அந்தப் போதலகம் நம் பொதியில்தான் என்று ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகா வாதிட்டார். முடிந்த முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் செய்த வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்கிறது. அகத்தியர் மலை எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நூலும் உண்டு. தர்க்க அறிஞர் திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்றாசிரியர் தாரநாதர் எழுதுகிறார். அவருடைய பிரமாணசமுச்சயம் இன்று முழுமையாகக் கிடைப்பது திபெத்திய மொழியில்.

பொதிகைச்சாரல் (செவ்வாய், காலை 10.58)

இன்று சாயங்காலம் மலையைப் பார்க்கும்போது வேறு மாதிரி பார்ப்பேன். நன்றி அண்ணாச்சி.

நீலமலை (செவ்வாய், இரவு 9.30)

பத்மசம்பவர் பாக்கி இருக்கிறாரே?

ஏடுபிரிப்பவள் (செவ்வாய், இரவு 11.25)

நியாயமான கேள்வி. உங்கள் துறவி சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஏனென்றால் பௌத்தம் திபெத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்துவிடவில்லை. வந்தது, விரட்டப்பட்டது, திரும்ப வந்தது.

சோங்சென் கம்போவுக்குப் பின் அறுபது ஆண்டு பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 710-இல் ஜின்செங் என்ற இன்னொரு சீன இளவரசி வந்தார். மத்திய ஆசியாவின் கோத்தானிலிருந்து துரத்தப்பட்ட துறவிகளுக்கு அவர் இடம் கொடுத்தார். 739-இல் அம்மை நோய் பரவி அவரும் இறந்தார். அந்நியத் துறவிகளால்தான் நோய் வந்தது என்று அவர்களை நாட்டைவிட்டு விரட்டினார்கள். அந்தத் துறவிகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒருமுறை ஊரிழந்து வந்தவர்கள், மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.

பிறகு வந்த அரசர் திரிசோங் தெட்சென். 742-இல் பிறந்தவர், அப்பாவைக் கொன்ற கலகத்துக்குப் பின் 755-இல் சிறுவனாக அரியணை ஏறியவர். 763-இல் அவர் படை சீனத் தலைநகர் சாங்ஆனையே சில நாள் பிடித்து வைத்திருந்தது. அவர் நாளந்தா மரபின் சாந்தரட்சிதரை அழைத்தார். வெள்ளமும் இடியும் வந்து, உள்ளூர் தெய்வங்களுக்குக் கோபம் என்று பேச்சு எழுந்தது. அவற்றை அடக்க சாந்தரட்சிதர் சொல்லி வந்தவர் பத்மசம்பவர் என்பது மரபு. சாம்யே விகாரம் எழுந்தது, 779 வாக்கில் ஏழு திபெத்தியர் முதன்முதலாகத் துறவறம் பூண்டார்கள். நாட்டின் பெயரால் பௌத்தத்தை ஏற்ற அரச ஆணை சாம்யே தூணில் இன்றும் நிற்கிறது. திபெத் மண்ணில் பிறந்தவர்கள் துவராடை உடுத்திய நாள் அதுதான், ஆகவே என் கணக்கில் புத்தர் திபெத்துக்கு வந்த நாளும் அதுதான். சோங்சென் கம்போ வாசலைக் கட்டினார்.

முன்னால் போனால் இன்னொரு வருகைக் கதையும் உண்டு. சோங்சென் கம்போவுக்கு ஐந்து தலைமுறை முன்னே லா தோதோரி என்ற அரசன் யும்பு லகாங் அரண்மனையில் இருந்தபோது வானத்திலிருந்து ஒரு பேழை இறங்கியதாம். உள்ளே சுவடிகளும் ஒரு சிறு ஸ்தூபியும். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஐந்து தலைமுறை கழித்துப் பொருள் விளங்கும் என்று குரல் கேட்டது, அரசன் அதை வைத்துப் பூசித்தான். 13-ஆம் நூற்றாண்டில் நெல்பா பண்டிதர் என்ற திபெத்தியத் துறவி இதை மறுத்து, இந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவந்தார்கள், படிக்கத் தெரியாததால் விட்டுப் போனார்கள் என்று எழுதினார். இப்படித் தன் மரபையே துருவிக் கேட்டவர்கள் அங்கே அன்றே இருந்தார்கள், தறிமேடு தம்பி. நாம் கேட்பது புதிதல்ல.

தறிமேடு (புதன், காலை 7.05)

ஒத்துக்கொள்கிறேன் அக்கா, ஒன்றைத் தவிர. படிக்கத் தெரியாத சுவடியை ஐந்து தலைமுறை விளக்கேற்றி வைத்திருந்தார்கள் என்றால், என் கணக்கில் வருகை அன்றைக்கே.

நீலமலை (புதன், இரவு 8.40)

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த ஓவியத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே ஓரமாக ஏடு வைத்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார், தோன்மியாகத்தான் இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: இரண்டு ராணிகளும் வெளிநாட்டுப் பெண்கள். பட்டத்துக்கு வந்த பிள்ளை யாருக்குப் பிறந்தது?

ஏடுபிரிப்பவள் (புதன், இரவு 9.55)

மோங் குலத்துத் திபெத்தியப் பெண்ணுக்கு. மோங்சா திரிச்சாம் என்பது மரபில் அவர் பெயர். மகன் குங்சோங் குங்சென் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டான், பேரன்தான் ஆண்டான். ஓவியங்களில் பெரும்பாலும் அந்த ராணியை வரைவதில்லை. போத்தாலாவில் அந்தக் குகையறைச் சிலைகளுக்கு நடுவே அவரும் இருக்கிறார்.